பிரேக்குக்கு அடியில் எலுமிச்சம்பழம்

அந்த மெஷினுக்கு டயர் கிடையாது. அதனால்தான் சண்டையே வந்தது.

வில்லியனூரில் எந்தப் புது வண்டி வந்தாலும், சைக்கிளோ டிராக்டரோ, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வெளியே எடுப்பார்கள். நான் மெட்ராசிலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கிக்கொண்டு வந்து இறக்கியது கார் கேம் மெஷின். ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. நடுவில் டி.வி. மாதிரி திரை. திரைக்குக் கீழே அசல் கார் ஸ்டியரிங். எதிரே ஒரு சீட்டு. சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டினால் எட்டும் இடத்தில் இரண்டு பெடல்: ஒன்று ஆக்சிலேட்டர், ஒன்று பிரேக். டோக்கன் போட்டால் திரையில் ரோடு ஓடும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் உள்ளே இருக்கிற கார் திரும்பும். காருக்கு உண்டான எல்லாமே இருந்தது. சக்கரம் மட்டும் இல்லை.

"அப்போ பழத்த எங்கடா வெப்ப? உன் தலைக்கு அடியிலயா?" என்றார் நைனா.

நைனா என்பது எங்கள் அப்பா. கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். கடையை ஒட்டி வெல்ல மூட்டை அடுக்கும் அறை ஒன்று இருந்தது. அவர் காலில் கையில் விழுந்து அந்த அறையைக் காலி செய்து மெஷினை வைத்திருந்தேன். எண்பதுகளின் நடுவில் நடந்த கதை. கல்யாண வயது வந்தும் தராசு பிடிக்கத் தெரியாத பிள்ளை என்று ஊரில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. எதையாவது சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைப்பது மட்டும் வரும். அதற்கு யாரும் கூலி தருவதில்லை என்பதால் இந்த வியாபாரம். வெல்லத்தை எடுத்த பிறகும் எறும்புகள் பழக்கதோஷத்தில் வரிசையாக வந்து, மெஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏமாந்துபோய்க்கொண்டிருந்தன. அறைக்கு முதலில் வந்த கஸ்டமர்கள் அவைதான்.

மிளகாய் வாங்க வந்தவர், சீயக்காய் வாங்க வந்தவர் என்று ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள்.

"டி.வி. மேல வை தம்பி."

"யோவ், டி.வி. மேல வெச்சி எவன்யா நசுக்கறது? பெட்டிக்கு நாலு மூலையிலயும் வெச்சிட்டு, மெஷின தூக்கிப் போடுங்க."

"தூக்கிப் போட்டா அப்புறம் நேரா பழைய இரும்புக் கடைதான்."

அந்த நேரத்தில்தான் மாமா வந்தார். மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். புதுச்சேரியிலிருந்து வில்லியனூர், சுத்துக்கேணி வழியாகச் செல்லிப்பட்டு வரைக்கும் போகும் தனியார் பஸ்ஸில் டிரைவர். எங்கள் குடும்பத்தில் அசல் வண்டி ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கடைக்காரன் பெண்ணை ஒரு டிரைவருக்குக் கொடுத்துவிட்டோமே என்று நைனாவுக்கு ஆரம்பத்தில் குறை. ஆனால் மாமா பஸ் கடைத்தெருவைக் கடக்கும்போது ரப்பர் ஹாரனை இரண்டு தரம் அழுத்துவார். முதலாவது அக்காவுக்கு, இரண்டாவது மாமனாருக்கு. இரண்டாவது சத்தம் கேட்டால் நைனா எடை போடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். குறை போன இடம் தெரியவில்லை.

"நீயே சொல்லு மாமா. பழத்த எங்க வெக்கிறது?" என்றேன்.

அவர் குனிந்து பெடலைப் பார்த்தார். "பிரேக்குக்கு அடியில வை."

"ஆக்சிலேட்டருக்கு அடியில வெச்சாதான மாமா வண்டி ஓடும்?"

"ஓட்றதுக்கு இன்னாத்துக்குடா சாமி? எவன் வேணா ஓட்டுவான். நிறுத்தறதுக்குத்தான் வேணும்."

செருப்பைக் கழற்றினார். அவர் எப்போதும் வெறுங்காலோடுதான் பஸ் ஓட்டுவார். சீட்டில் உட்கார்ந்தார், ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், வலது காலைத் தூக்கிப் பிரேக்கில் வைத்து ஒரே மிதி. பழம் பப்படமாகிவிட்டது. சாறு என் புது வேட்டியிலும், எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நைனாவின் கண்ணாடியிலும் தெறித்தது. தோலும் கொட்டையும் பெடலுக்குள்ளே எங்கோ போயின. எல்லாரும் கைதட்டினார்கள்.

"எங்க வூட்டுக்காரரு காலுன்னா இன்னான்னு நெனச்சிக்கின?" என்றாள் கூட்டத்தில் நின்றிருந்த அக்கா.

"ஒரு ரவுண்டு ஓட்டிட்டுப் போ மாமா. டோக்கன் வேணாம்."

"எனக்கு நெஜ வண்டி நிக்குது. நீ பொம்ம வண்டி ஓட்டு," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சிறிது நேரத்தில் தெருவில் ரப்பர் ஹாரன் இரண்டு தரம் கேட்டது.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நைனா நிமிர்ந்து பார்த்தார்.

*

மெஷின் நன்றாகவே ஓடியது. பாகூரிலிருந்துகூட சைக்கிள் மிதித்துப் பையன்கள் வந்தார்கள். மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு நல்லவாட்டுக்குத் திரும்பும் ஓர் அம்மாள், பஸ் வரும் வரைக்கும் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பாள். "ரோட்ட பாத்து ஓட்டுடா, கட்டையில போறவனே!" என்று திரையைப் பார்த்து நிஜமாகவே பயந்து கத்துவாள்.

ஒரே தொல்லை, கரண்ட். பம்பு செட்டுகள் எல்லாம் ஒன்றாக ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். இறங்கினால் திரையில் படம் நாலு பக்கமும் சுருங்கும். வயற்காட்டில் மோட்டார் போட்டால் என் மெஷினில் ரோடு குறுகிவிடும். கம்ப்ளெய்ண்ட் சொன்னவர்களிடம், "அது கொம்யூன் பஞ்சாயத்து போட்ட ரோடு, அப்படித்தான் இருக்கும்" என்று சமாளிப்பேன்.

பிரேக்கை யாரும் தொடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். பின்னால் வருகிற எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம். ஆக்சிலேட்டரை லேசாக அமுக்கினால் லேசாகப் போகும், இன்னும் அமுக்கினால் இன்னும் வேகம் என்று அந்தப் பெடல் கால் சொல்வதைக் கேட்கும். ஆனால் எங்கள் பையன்களுக்கு லேசு என்பதே தெரியாது. அமுக்கினால் ஒரே அமுக்கு, வளைவு வந்தால் காலை எடுப்பது, அவ்வளவுதான். பிரேக் பிடித்தால் பாயிண்ட் குறையும். அதனால் எங்கள் அறையில் பிரேக் என்பது ஒரு அலங்காரம்.

எனக்கும் அது வேலை செய்கிறதா என்று தெரியாது. நான் ஓட்டினால் முதல் வளைவிலேயே கார் ரோட்டை விட்டு இறங்கி, விளம்பரப் பலகையில் மோதி வெடித்துவிடும். கடைக்காரனுக்கே ஓட்டத் தெரியவில்லை என்பதைப் பார்ப்பதற்காகவே சிலர் எனக்கு டோக்கன் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

*

அந்த வருஷம் கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, மாமா ஷெட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். எதிர் வீட்டுச் சின்னப்பெண் கையில் ஒற்றைச் செருப்போடு பின்னால் ஓடியது.

"மாமா! செருப்ப உட்டுட்டுப் போறீங்கோ!"

குனிந்து பார்த்தார். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்காலாகச் சேற்றில் நின்றது. எப்போது கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்றைக்குச் சாயந்திரம் கடையில் அதை வைத்துப் பெரிதாக ஜோக் அடித்தேன். "பொண்ணுங்க கால் கொலுசு தொலைக்கும், மாமா காலையே தொலைச்சிட்டு வருவாரு போல." அவரும் சிரித்தார். அடுத்த நாள் காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. வலது கை, வலது கால், வாய், எல்லாம் ஒரு பக்கமாகப் போய்விட்டன.

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு எண்ணெய் தேய்த்தார்கள். புறா ரத்தம் தடவினால் சரியாகும் என்று யாரோ சொல்ல, நான் போய்ப் புறா பிடித்து வந்தேன். அதிலும் ஒன்று என் கையிலிருந்து பறந்துபோய்விட்டது. "அதுக்காச்சும் நல்ல நேரம்" என்று மாமா கோணல் வாயோடு சொன்னார். பேச்சு திரும்பிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள்.

தை பிறந்தபோது கை சரியாகிவிட்டது. சட்டைப் பட்டன் போட்டார், சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். காலை மட்டும் கொஞ்சம் இழுத்து நடந்தார். செருப்பு அடிக்கடி கழன்றது. அக்கா அதற்குப் பின்பக்கம் ரப்பர் வார் தைத்துக் கொடுத்தாள்.

பஸ் முதலாளி நல்ல மனுஷர். வீட்டுக்கே வந்து பார்த்தார். "மாத்து டிரைவர் பங்குனி வரிக்கும் ஓட்டட்டும். சித்திர மொதல் தேதி நீ வந்து ஒரு டிரிப்பு ஓட்டிக் காட்டு. உன் வண்டி உனக்குத்தான்," என்றார். அக்கா அன்றைக்கே பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டாள். சித்திரையில் மாமா பஸ்ஸில் ஏறுவாரா மாட்டாரா, அதைத் தவிர அந்த வீட்டில் வேறு நினைப்பில்லை. உலை கொதிப்பதுகூட அதற்காகத்தான் என்கிற மாதிரி இருந்தது.

யோசனை அக்காவுடையது.

"ஏன்டா, உன் மெஷின்ல ஸ்டியரிங்கு கீது, பெடலு கீது. காலையில கடை தொறக்கறதுக்கு முன்ன உங்க மாமாவ வெச்சி ஓட்டிப் பழக்கக் கூடாதா?"

"பொம்ம வண்டிக்கா அது."

"பரவால்ல. மோதினா யாரும் சாவ மாட்டாங்க இல்ல?"

*

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் பால்காரர் போன பிறகு அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு வருவாள். அவர் செருப்பை வாசலில் விடுவார், ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், உட்காருவார். அக்கா ஒரு வெல்லப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் பாசஞ்சர் மாதிரி உட்கார்ந்துகொள்வாள்.

முதல் நாளே என் மெஷின் அதுவரைக்கும் பார்க்காத ஒன்றைப் பார்த்தது: மெதுவாகப் போகும் கார்.

ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு, ரோட்டின் இடது ஓரமாக, வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து ஓட்டினார். வளைவு வந்தால் வலது கை தானாக ஜன்னல் பக்கம் போய்க் காற்றில் ரப்பர் ஹாரனைத் தேடியது. ஹாரன் இல்லை என்றதும் வாயாலேயே அடித்தார். பாதி தூரம் போவதற்குள் டைம் முடிந்து கார் தானாக நின்றுவிட்டது.

"ஏன்டா நின்னுச்சி?"

"டைம் முடிஞ்சிடுச்சி மாமா."

"டைம் முடிஞ்சா நடுரோட்ல நிறுத்திடுவானா? பாசஞ்சர் இன்னா பண்ணுவான்?"

"எறங்கி நடப்பான்," என்றாள் அக்கா வெல்லப்பெட்டியிலிருந்து.

"இன்னா ரோடுடா இது? ஒரு மாடு இல்ல, ஒரு ஆடு இல்ல. எவனும் உளுந்துச் செடிய போட்டுக் காய வெக்கல. இதுல ஓட்றதுக்குப் பேரு டிரைவரா?"

ஆனால் அவர் முகம் தெளிந்திருந்தது. கை அவர் சொன்னபடி கேட்டது. ஒவ்வொரு காலையும் இன்னும் கொஞ்ச தூரம் போனார். மாசி முடிவதற்குள் டைமுக்குள்ளே கடைசிக் கோட்டைத் தொட்டுவிட்டார். அன்றைக்கு அக்கா வெல்லப்பெட்டியிலிருந்து எழுந்து, "செல்லிப்பட்டு எல்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் மாதிரி கத்தினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த அறையில் நான் ஜோக் அடிக்காமலேயே மூன்று பேரும் சிரித்தோம்.

வேகம் கூடிய பிறகுதான் அது தெரிந்தது. வேகமாக வந்து, வளைவுக்கு முன்னால் மாமா வலது காலைத் தூக்கிப் பிரேக்கில் வைத்தார். கார் நிற்கவில்லை, வேகம் குறைந்த மாதிரியும் தெரியவில்லை. நேரே போய்ப் பலகையில் மோதி வெடித்தது. இன்னொரு முறையும் அதேதான். அதற்கு அடுத்த முறையும்.

"பிரேக்கு பிடிக்கல மச்சான்," என்றார்.

"இந்த ரூம்ல இதுவரிக்கும் எவனும் பிரேக்கே பிடிச்சதில்ல மாமா," என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்தினேன். எனக்கு எலுமிச்சம்பழம் ஞாபகம் வந்துவிட்டது.

"ஐயையோ! பழம்!"

மூன்று பேரும் பெடலைப் பார்த்தோம். வைத்தவன் நான், நசுக்கியவர் அவர். சாறும் தோலும் கொட்டையும் உள்ளே போனதை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். உள்ளே என்ன கம்பி இருக்கிறதோ, புளிப்பு பட்டு அரித்திருக்காதா?

"பாவி! உன் பூசையில இடி வுழ!" என்று அக்கா என் தலையில் ஓங்கிக் குட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக நான் குட்டு வாங்கியதே இல்லை. மாமாவும் சிரித்தார். "நான்தான் பிரேக்குக்கு அடியில வெக்கச் சொன்னேன், அவன இன்னாத்துக்கு அடிக்கிற?" என்றார்.

நீயே ஒரு தடவை காலை வைத்து அமுக்கிப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தேன். அவர்கள் போன பிறகு டோக்கன் போட்டு உட்கார்ந்தேன். என் வழக்கப்படி பிரேக்குக்குக் கால் போவதற்குள் கார் பலகையில் மோதிவிட்டது. இன்னொரு டோக்கன் போட்டிருக்கலாம். போடவில்லை. பழம்தான் என்று முடிவாகிவிட்ட பிறகு எதற்கு என்று மெஷினை அணைத்துவிட்டேன்.

*

ரேடியோ மெக்கானிக் பங்குனிக் கடைசியில் ஒரு காலை வந்தார். கடைத்தெருவில் ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் செய்கிறவர். மாமாவும் அக்காவும் கூட இருந்தார்கள். மெஷினைத் திறப்பதற்கு முன் நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது.

"பழத்த கொண்டாந்து பெடலுக்குள்ள வெச்சிருக்கியே, நீ மனுசனா இன்னா?"

பெடலுக்குக் கீழே இருந்த தகரத்தைக் கழற்றினார். கறுத்துச் சுருண்ட எலுமிச்சந்தோல், காய்ந்த கொட்டை, பாதையை மறக்காத எறும்புகள், எல்லாம் இருந்தன. அக்கா ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து, "தோ கீது பாரு, தோ கீது பாரு" என்றாள். மெக்கானிக் விரல் நுனியளவு ஒரு சாமானைக் காட்டினார்.

"பெடல்னா பெருசா ஒண்ணும் இல்ல. ரேடியோல சத்தம் ஏத்தற வால்யூம் குமிழ் கீது இல்ல, அதேதான். கொஞ்சம் திருப்பினா கொஞ்சம் சத்தம், நெறைய திருப்பினா நெறைய. கை திருப்பறதுக்குப் பதிலா கால் திருப்புது. பிரேக்குக்கு மட்டும் ஸ்பிரிங்கு கொஞ்சம் கெட்டி."

பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைத்தார். பிறகு மெஷினின் பின்பக்கம் போய், மெட்ராஸ்காரர் தொடாதே என்று சொல்லியிருந்த சின்ன ஸ்விட்ச் ஒன்றைத் தட்டினார். திரையில் ரோடு போய்விட்டது. கறுப்பில் இரண்டு வெள்ளைக் கோடு மட்டும் நின்றது.

"மேல்கோடு ஆக்சிலேட்டர், கீழ்க்கோடு பிரேக்கு. எவ்ளோ அமுக்கறோமோ அவ்ளோ நீளும்." கையால் பிரேக் பெடலை அழுத்தினார். கீழ்க்கோடு வழுக்கிக்கொண்டு திரையின் மறு ஓரம் வரைக்கும் ஓடியது. விட்டார், திரும்பி வந்தது. "அவ்ளோதான், சரியாயிடுச்சி. ஒக்காருங்க சார், ஒரு மிதி மிதிச்சிப் பாருங்க."

மாமா செருப்பைக் கழற்றினார். உட்கார்ந்தார். காலைத் தூக்கிப் பிரேக்கில் வைத்தார்.

கீழ்க்கோடு கொஞ்சம் நீண்டது. பாதிகூடப் போகவில்லை. நின்றுவிட்டது.

"முழுசா அமுக்குங்க சார்."

"அமுக்கிட்டேன்."

"இல்ல சார், இன்னும் கீது. நல்லா."

"நல்லாத்தாம்பா அமுக்கிக்கினு கீறேன்."

அவர் பொய் சொல்லவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பஸ்ஸை மலையிலிருந்து இறக்குகிறவர் மாதிரி முதுகைச் சீட்டில் முட்டுக்கொடுத்து அமுக்கினார். உடம்பு முழுக்க அமுக்கியது. கால் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது. கோடு அசையவில்லை.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் எறும்புகளைப் பார்த்தேன்.

"இன்னும் கொட்ட கிட்ட மாட்டிக்கினு இருக்கும் அண்ணே," என்றாள் அக்கா. "உள்ள நல்லா தொடச்சிப் பாருங்க."

மெக்கானிக் மறுபடி தகரத்தைக் கழற்றினார். சுத்தமாக இருந்ததை மறுபடி சுத்தமாகத் துடைத்தார். மாமா மறுபடி மிதித்தார். கோடு அதே இடத்தில் நின்றது.

"எண்ண விட்டுப் பாருங்க அண்ணே. இறுகிப் போயிருக்கும்."

எண்ணெயும் விட்டார். அந்த மனுஷருக்கு எங்கள் வீட்டில் இன்றைக்கும் மரியாதை உண்டு.

மாமா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மச்சான், நீ வந்து அமுக்கு," என்றார்.

"எனக்கு ஓட்டத் தெரியாது மாமா."

"ஓட்ட சொல்லல. அமுக்கு."

காலைத் தன் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். யாரோ மறந்துவிட்டுப் போன சாமானை எடுத்து வைப்பதைப் போல இருந்தது. நான் சீட்டின் விளிம்பில் உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்தேன். பாதியோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் கோட்டைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழுசா அமுக்குடா."

அமுக்கினேன். சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்டத் தெரியாத கால். கோடு வழுக்கிக்கொண்டு திரையின் மறு ஓரத்துக்குப் போய் நின்றது.

"பாத்தியா மாமா, எனக்கு இது ஒண்ணாச்சும் வருது," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் சொல்லியிருக்கவே கூடாத ஜோக் என்று ஒன்று உண்டென்றால் அதுதான். வாய் பழகிவிட்டது, அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"அப்ப பழம் இல்ல," என்றார் மாமா, சாதாரணமாக.

எழுந்தார். அக்கா குனிந்து அவர் காலில் செருப்பை மாட்டி விட்டாள். அவசரத்தில் பின்வாரைப் போடவில்லை போலிருக்கிறது. வாசற்படி தாண்டியதும் வலது கால் செருப்பு கழன்று தங்கிவிட்டது. அவர் கவனிக்கவில்லை, போய்க்கொண்டே இருந்தார். அக்கா கூப்பிடவில்லை. செருப்பைக் கையில் எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தாள்.

*

சித்திரை முதல் தேதி காலையில் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், காக்கி போடவில்லை. பஸ்ஸுக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, டயருக்கு அடியில் பழம் வைத்திருந்தார்கள். அவருக்காகத்தான்.

"வா வா. ஏறு," என்றார் முதலாளி.

"வேணாம் மொதலாளி. பிரேக்கு என் காலுக்கு எட்டல."

"மெதுவா ஓட்டேன்பா. நான் இன்னா வெரட்டவா போறேன்? பழகினா வந்துடும்."

"செல்லிப்பட்டு ஆத்து எறக்கத்துல பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க படியில நின்னுக்கினு வரும் மொதலாளி."

முதலாளி பஸ் படியிலிருந்து விலகி மாத்து டிரைவரைக் கூப்பிட்டார். டிரைவர் சீட்டின் முதுகில் மாமாவின் பழைய துண்டு இன்னும் கட்டியிருந்தது. மாத்து டிரைவர் அதை அவிழ்த்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். "இருக்கட்டும்பா. வெயில்ல சீட்டு சுடும்," என்று மாமா அதை அவனிடமே கொடுத்துவிட்டார். பஸ் பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. தூசி அடங்கும் வரைக்கும் நின்றோம். திரும்பும் வழியெல்லாம் ஏதாவது பேச வேண்டும் என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

அதற்குப் பிறகு என் அறையை அவர்தான் பார்த்துக்கொண்டார். டோக்கன் கொடுப்பார், கூட்டத்தை வரிசையில் நிறுத்துவார். அந்தச் சீட்டில் மட்டும் மறுபடி உட்காரவே இல்லை. ஆனால் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு வளைவுக்கும் கத்துவார்.

"பிரேக்க பிடிடா! டேய், பிரேக்க பிடி!"

"பிரேக் பிடிச்சா பாயிண்ட் போயிடும் மாமா."

"போவட்டும்டா. காலு நல்லாத்தான கீது? பிடி!"

பையன்கள் அவரைப் போலவே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். யாரும் பிடித்ததாக ஞாபகம் இல்லை. வோல்டேஜ் இறங்கி ரோடு குறுகும்போது, "ரோடு சின்னதாவுது பாரு, மெதுவா போ" என்பார். அவர் குரலில் ஜோக் இருக்காது. தெருவில் செல்லிப்பட்டு பஸ் போகும். மாத்து டிரைவர் மரியாதைக்காக ஹாரனை இரண்டு தரம் அடிப்பான். நைனா தராசிலிருந்து நிமிர்வதை நிறுத்தியிருந்தார்.

அடுத்த ஐப்பசி மழையில் மாமாவுக்கு மறுபடி வந்தது. இந்த முறை புறா பிடிக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை.

மெஷின் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் ஓடியது. பிரேக் பிடி என்று சொல்ல ஆள் இல்லாததால் அறை அமைதியாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு பிக்சர் டியூப் போய்விட்டது. மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. பழைய இரும்புக் கடைக்காரரை வரச்சொன்னேன். அவர் வந்தபோது அக்காவும் கடையில் இருந்தாள். மாமா போன பிறகு நைனாவுக்கு உதவியாக அவள்தான் கடையில் நின்றாள். என்னைவிட நன்றாகத் தராசு பிடித்தாள்.

இரும்புக் கடைக்காரர் பெடலை மரப்பெட்டியிலிருந்து நெம்பி எடுத்து, தரையில் ஒரு தட்டுத் தட்டினார். மடிப்பில் எங்கோ மாட்டியிருந்த ஒரு கொட்டை உருண்டு வந்து என் கால் பக்கத்தில் நின்றது. எலுமிச்சங்கொட்டை. காய்ந்து, கறுத்து, எறும்புகூட வேண்டாம் என்று விட்டுவைத்தது.

அதனால் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். கோடு என் காலுக்கு ஓடியதை நானே பார்த்தேன். ஆனால் அக்கா பார்த்தால், இதனால்தானோ என்று மிச்சமிருக்கும் காலம் முழுக்க அந்தக் கொட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் கல்லாவை விட்டு எழுந்து எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தாள். சட்டென்று குனிந்து எடுத்தேன். கையில் வைத்திருந்தால் கேட்பாள், மடியில் கட்ட நேரமில்லை. வாயில் போட்டுக்கொண்டேன்.

"இன்னாடா மெல்ற?"

"ஒண்ணுமில்லக்கா. சோம்பு."

"எனக்குக் குடுக்காம?"

"தீந்துடுச்சிக்கா," என்றேன். அத்தனை காலம் கழித்தும் கசந்தது.